செவ்வாய்க்கிழமை வரிசையில மைக் நீட்டின தம்பிக்கு

அந்தோணியார் கோயில் வரிசையில நிக்கறவங்களுக்கு இயேசுவும் தெரியாது பைபிளும் தெரியாதுன்னு கிண்டல் பண்ற அந்த ரீல்ஸ் பத்தி எழுதவே கூடாதுன்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். ஆனா நேத்து நம்ம பங்குக் கோயில் வாட்ஸப் குரூப்லயே ஒரு அண்ணன் அதப் போட்டு "சிந்திக்க வேண்டிய கேள்வி"ன்னு கைகூப்புற எமோஜியும் வச்சாரு பாருங்க, அதுக்கு மேல முடியல. எல்லாரும் பாத்திருப்பீங்க, லிங்க் போட்டு அந்தத் தம்பிக்கு நான் வேற வ்யூஸ் ஏத்தி விட மாட்டேன்.

சென்னை பாரிமுனை அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயில், செவ்வாய்க்கிழமை கூட்டம். மெழுகுவர்த்தியும் கையுமா நிக்கிற ஒரு வயசான அம்மாகிட்ட மைக்க நீட்டி "பைபிள்ல இது எங்கம்மா இருக்கு?"ன்னு கேக்கறாரு. அந்தம்மா முழிக்கறாங்க. உடனே காமெடி மியூசிக். ஏன் தம்பி, வசனம் தெரிஞ்சிக்கணும்னா உள்ள போயி ஃபாதரக் கேட்டிருக்கலாமே? கேக்க மாட்டீங்க. அவரு பதில் சொல்லிடுவாரு, அப்புறம் மியூசிக் எங்க போடறது?

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. அந்தோணியார்கிட்ட போறவங்க அந்தோணியாரோட நின்னுடறதில்ல. அந்தச் சுரூபத்த ஒரு தரமாவது ஒழுங்கா பாத்திருக்கீங்களா? கையில யாரு இருக்கறது? குழந்தை இயேசு. அவர்கிட்ட எத வேண்டிக்கிட்டாலும் அந்தக் குழந்தைய பாக்காம வேண்டவே முடியாது.

எங்க ஆயா காசிமேட்டுல மீன் வித்தவங்க. படிப்பு கிடையாது, கையெழுத்துக்கு பதிலா கைநாட்டு. விடியறதுக்கு முன்னாடியே ஏலம் எடுக்கப் போகணும், ஐஸ்லயும் செதில்லயும் கை ஊறிப் போயிருக்கும், அந்தக் கையால செபமாலைய தொட மாட்டாங்க. அதனால கட்டைவிரலால மத்த விரல் கணுவத் தொட்டுத் தொட்டு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டு வருவாங்க, நடுவுல யாராவது வெல கேட்டா வெல சொல்லிட்டு விட்ட கணுவுலருந்து திரும்ப ஆரம்பிப்பாங்க. செபமாலை சொல்லும்போது இயேசு, மரியா வாழ்க்கையில நடந்தத நாளுக்கு ஒரு வகையா தியானிப்போம், அதுக்குப் பேர்தான் மறைபொருள். செவ்வாய்க்கிழமைன்னா துயர மறைபொருள். பூங்காவனத்துல ரத்த வியர்வை, கற்றூண்ல அடி, முள்முடி, சிலுவை சுமக்கறது, சாவு, இதெல்லாம் வரிசை மாறாம ஆயாவுக்குத் தெரியும், சொல்லும்போது சில நாள் அழுதுடுவாங்க. 2002-ல போப் ரெண்டாம் ஜான் பால் வியாழக்கிழமைக்குன்னு ஒளியின் மறைபொருள சேத்தாரே, அது மட்டும் ஆயாகிட்ட செல்லுபடியாகல. "அவரு பெரியவரு, சொல்லட்டும். வியாழக்கெழம நான் பழசத்தான் சொல்லுவேன்"னு சாகற வரைக்கும் மகிழ்ச்சி மறைபொருள்தான். இவங்களுக்கு இயேசுவத் தெரியாதுன்னு மொபைல வச்சிக்கிட்டு ஒருத்தரு தீர்ப்பு சொல்றாரு.

புனிதர்கிட்ட வேண்டக் கூடாதுங்கற சபைக்காரங்க உடனே கமெண்ட்ல வருவீங்க, தெரியும். "தேவனுக்கும் மனுஷனுக்கும் மத்தியஸ்தர் ஒருவரே", ஒன்று தீமோத்தேயு ரெண்டாம் அதிகாரம் அஞ்சாம் வசனம். நாங்களும் அதத்தான் நம்பறோம். ஆனா அதே அதிகாரத்தோட முதல் வசனத்துல எல்லா மனுஷருக்காகவும் வேண்டுதல் செய்யுங்கன்னு அதே பவுல்தான் சொல்றாரு. நீங்க எனக்காக செபிக்கலாம், உங்க பாஸ்டர் செபிக்கலாம், ஆண்டவர் பக்கத்துலயே இருக்கறவர் மட்டும் செபிக்கக் கூடாதா? அருள் நிறைந்த மரியே எங்கருந்து வந்துச்சுன்னு லூக்கா முதல் அதிகாரத்தப் படிங்க, முதல் பாதி கபிரியேல் தூதரும் எலிசபெத்தும் சொன்னது. சுரூபம் பிரச்சனையா? 787-லயே ஆயர்கள் கூடின ரெண்டாம் நிசேயா பொதுச்சங்கத்துல பேசி முடிச்சாச்சு, படத்துக்குப் பண்ற மரியாதை படத்துல இருக்கறவருக்குப் போகும்னு.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அந்தோணியார் பைபிள் பிரசங்கத்துக்கே பேர் போனவரு. 1231-ல செத்தாரு, ஒரு வருஷம் முடியறதுக்குள்ள புனிதர் பட்டம், 1946-ல மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர்ங்கற பட்டம். காணாமப் போனதுக்கு ஏன் அவரக் கும்பிடறாங்க தெரியுமா? அவர் வச்சிருந்த பைபிள் சங்கீதப் புத்தகத்த, துறவியாகப் பயிற்சி எடுத்துட்டிருந்த ஒரு நவசந்நியாசி தூக்கிட்டுப் போயிட, இவர் செபம் பண்ணதும் அது திரும்பி வந்துச்சுன்னு சொல்வாங்க. அவரு தேடினதே பைபிள் சங்கீதத்த சார்! அவர் பக்தர்ங்ககிட்டப் போயி பைபிள் தெரியுமான்னு...

"பேரம் பேசறாங்க, வேலை கெடச்சா மெழுகுவர்த்தி"ன்னு சொல்றீங்க. சிலரு பேசறாங்கதான், இருக்கட்டும். நீங்க பாஸ்டர்கிட்ட விசாவுக்கு ஜெபக்குறிப்பு எழுதிக் குடுக்கும்போது அது மட்டும் விசுவாசமா?

எனக்கு ஏன் இவ்ளோ எரியுதுன்னா, அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப சொந்தக்காரர் ஒருத்தர், இப்ப ஒரு சபைக்குப் போறவரு, பாக்க வந்தாரு. தலகாணிக்கடியில அம்மா வச்சிருந்த சின்ன அந்தோணியார் படத்த வெளிய உருவி "இத எடுத்தாத்தான் சுகம் கிடைக்கும்"னாரு. அப்பாவுக்கு நல்லா நினைவு இருந்துச்சு, கேட்டுட்டுத்தான் இருந்தாரு. ஆயாதான் படத்த அவர் கையிலருந்து வாங்கினாங்க. "எம் புள்ளைக்காக ஜெபம் பண்ண வந்தியாப்பா? அவரும் அதுக்குத்தான் வந்துகீறாரு, நீயும் பண்ணு"ன்னாங்க. அப்பா போயிட்டாரு. துக்க வீட்டு பந்தல்ல அதே மனுஷன் "விசுவாசம் பத்தல"ன்னு யார்கிட்டயோ சொன்னது என் காதுல விழுந்துச்சு. பந்தலாச்சேன்னு சும்மா விட்டேன்.

அதான், அந்த ரீல்ஸ்ல அந்தம்மா முழிச்சப்ப எனக்கு அவங்க மூஞ்சி தெரியல. அவங்களுக்கு வீட்ல என்ன கஷ்டமோ, புருஷனோ புள்ளையோ எந்த வார்டுல படுத்திருக்காங்களோ. அத யாராச்சும் கேட்டீங்களா? அந்த வரிசையில இந்துக்களும் நிக்கறாங்க, முஸ்லிம்களும் வர்றாங்க, ஒருத்தரும் இன்னொருத்தர்கிட்ட "உனக்கு இங்க என்ன வேலை"ன்னு கேட்டு நான் பாத்ததில்ல.

வெளியாள விடுங்க. நம்ம கத்தோலிக்க ஆளுங்கதான் தாங்க முடியல. ரெண்டு இங்கிலீஷ் புத்தகம் படிச்சிட்டா ஒம்பது நாள் செபம் பண்ற நவநாள் கிராமத்துப் பழக்கமாம், தேர்பவனி சத்தமாம், பேர் பேரா சொல்லி வேண்டற மன்றாட்டுமாலை போரடிக்குதாம். உங்களுக்கு தியானம்னா கண்ண மூடி ஏசி ரூம்ல உக்காரணும். உக்காருங்க, நான் வேணாங்கல. ஆனா சின்ன வயசுல முதல் செபம் உங்க வாயில யார் போட்டது? புத்தகமா?

குரூப்ல போட்ட அண்ணா, வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க, சேந்தே நிப்போம். கேள்விய அப்புறம் சிந்திக்கலாம். கமெண்ட்ல வசனம் போடறவங்க அதிகாரம் முழுசா போடுங்க. ஒத்த வசனம் போட்டீங்கன்னா டெலீட் பண்ணிடுவேன், பின்னாடி வந்து அழக்கூடாது.