வேன் காசு இருப்பவருக்குத்தான் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு
பெற்றோர் பிள்ளைகளை விரும்பிய பள்ளியில் சேர்க்கலாம் என்று திறந்துவிட்டால் எல்லாப் பள்ளிகளிலும் தேர்ச்சி உயரும் என்று ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டப் பள்ளியில் வேனுக்கு மாதாமாதம் பணம் கட்ட முடிந்தவர்கள் பிள்ளைகளைப் பட்டணத்துக்கு மாற்றிவிட்டார்கள், செம்பனைக் குலை வெட்டுகிறவர்களின் பிள்ளைகள்தான் மிச்சம். 150 பேருக்குக் குறைந்தாலே அது குறைந்த மாணவர் பள்ளி, எங்களுடையது 30 பேருக்குள் சுருங்கியதும் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். பலகை நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் இரண்டாம் ஆண்டில் இருந்த என் மகளுக்குப் பெருக்கல், வலது பக்கம் மூன்றாம் ஆண்டுக்குப் பின்னம், ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் இவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். மாறிப் போனவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள், சரி, ஆனால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த அந்தப் பிள்ளைகள் இங்கேயே இருந்திருந்தாலும் படித்திருப்பார்கள்.