திண்ணையில் ஓடும் ரேஸ்

காரைக்குடியில் கல்யாண வீடு. வளவில் இலை போட்டாச்சு, கவுனி அரிசி ஆறுகிறது. எங்கள் வீட்டு ஆண்கள் மட்டும் முகப்புத் திண்ணையை விட்டு அசையவில்லை. உலகத்திலேயே வேகமான ரேஸ் டிரைவர் யார் என்று ஒரு மணி நேரமாகச் சண்டை.

அத்தான் ஷூமேக்கர் கட்சி: ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் 7 உலகப் பட்டம், 91 வெற்றி. சித்தப்பா மகன் ஹாமில்டன் கட்சி: அவருக்கும் 7 பட்டம், வெற்றியோ நூறைத் தாண்டிவிட்டது. அட, பட்டத்தை எண்ணினால் வேகம் தெரிந்துவிடுமா? 1988 மொனாக்கோவில், ரேஸுக்கு முன் நடக்கும் தகுதிச் சுற்றில், அதே மெக்லாரன் காரை ஓட்டிய சக அணி வீரர் ப்ரோஸ்டைவிட சென்னா 1.4 விநாடி வேகம். இதைச் சொன்னேன். "ரேஸில் போய்ச் சுவரில் மோதினாரே?" என்றார் அத்தான். மோதினார், உண்மைதான். அதற்காக அந்த 1.4 விநாடி அழிந்துவிடுமா!

1950-களில் ஓட்டிய ஃபாஞ்சியோ 51 பந்தயத்தில் 24 வென்றவர். அவர் பெயரை எடுத்தால், "அதெல்லாம் பழைய காலம்" என்று ஒரே போடு. நூறு வருஷத்துப் பர்மா தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது? கார் வேறு, டயர் வேறு, பாதை வேறு. எதை வைத்து ஒப்பிடுவது? யாரும் காதில் வாங்கவில்லை.

இத்தனைக்கும் அத்தான் தேவகோட்டை ரோட்டில் 40-க்கு மேல் போனதே இல்லை. பின்னால் வரும் டவுன் பஸ் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோகும்.

கடைசியில் ஆச்சி வந்து, "எவன் வேகமா வந்து உக்கார்றானோ அவனுக்குத்தான் பணியாரம்" என்றார். முதலில் எழுந்து ஓடியவர் அத்தான்.