"ஈசிஎம் போச்சு சார்" என்பதற்கு முன் ஒரு பல்பை மாட்டிப் பாருங்கள்

பத்து வருஷம் ஓடிய செகண்ட் ஹேண்ட் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. கோளாறு பார்க்கும் ஸ்கேனரைச் செருகுகிறார்கள், அது காரோடு பேசவில்லை. உடனே தீர்ப்பு: "ஈசிஎம் போச்சு சார்." ஈசிஎம் என்பது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, காரின் மூளை. அடுத்த மூச்சில் ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை. இடையில் ஒரு ஒயரைக்கூடத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டியை விற்றாலே இரண்டு லட்சம்தான் தேறும் என்ற நிலையில் நிற்கிறவரிடம், எதையும் சோதிக்காமல் இப்படி ஒரு தொகையைச் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறது?

ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா என்பதெல்லாம் அப்புறம். அது உண்மையிலேயே கெட்டிருக்கிறதா? அதை முதலில் நிரூபியுங்கள்.

ஈசிஎம்முக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு பிளஸ் வரும், சாவி போட்டதும் ஒன்று வரும், மெயின் ரிலே வழியாக இன்னொன்று வரும். கூடவே எர்த். இதில் ஒன்று அறுந்தாலே பல வண்டிகளில் ஸ்கேனர் பேசாது. சாவி ஆன் செய்தும் செக் இன்ஜின் லைட் எரியவில்லை, சென்சாருக்கு 5 வோல்ட்டும் போகவில்லை என்றால் முதல் சந்தேகம் சப்ளை மீதும் எர்த் மீதும்தான் விழ வேண்டும். மலிவான ஃபியூஸ், சில நூறு ரூபாய் ரிலே. இவற்றைப் பார்க்காமல் மூளையையே மாற்றச் சொல்வது அநியாயம்.

மீட்டரை வைத்து "12 வோல்ட் வருதே" என்று நகர்ந்து போவதும் தப்பு. களிம்பு ஏறி உள்ளே ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும் ஒயர்கூட மல்டிமீட்டரில் 12.4 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டே இழுப்பதில்லை. ஈசிஎம் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக வரும் பிளஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டுங்கள். அது 1.75 ஆம்பியர் போல இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் சப்ளை சரி. மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ கோளாறு ஈசிஎம்மில் இல்லை, அதற்கு வரும் வழியில்தான். பல்பை மாட்டும்போது பின்னின் வாயை அகட்டிவிடாதீர்கள். தடித்த முனையைக் குத்தி பின்னை லூஸாக்கிவிட்டு, பிறகு அதையே ஈசிஎம் கோளாறு என்று சொல்கிற கொடுமையும் நடக்கிறது.

எர்த்துக்கு வேறு சோதனை. கனெக்டரை மாட்டியபடியே, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் சிவப்பு முனையை ஈசிஎம் எர்த் ஒயரின் பின்பக்கத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. 0.3, 0.5 என்று ஏறினால் எர்த் போல்ட்டைக் கழற்றி எமரி பேப்பர் போட்டுத் தேயுங்கள். அதே நேரம் பேட்டரி வோல்ட் 9.6-க்குக் கீழே விழுகிறதா என்றும் பாருங்கள். பேட்டரி செத்த வண்டியில் ஸ்கேனரில் வரும் பி0606 என்ற ஃபால்ட் கோடை (code) வைத்து "புராசஸர் அவுட்" என்று சொல்வதெல்லாம் ஏற்கவே முடியாது. வோல்ட் இறங்கினால் அந்தக் கோடு பொய்யாகவும் விழும்.

அடுத்தது அந்த 5 வோல்ட். பல சென்சார்களுக்கு ஈசிஎம்முக்குள் ஒரே லைன்தான். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரோ, ஏசி பிரஷர் சென்சாரோ, ஏதாவது ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மொத்த 5 வோல்ட்டும் படுத்துவிடும். வண்டி ஓடாது, கோடுகள் கொத்தாக வரும், பார்க்கிறவருக்கு ஈசிஎம் செத்தது போலவே இருக்கும். மீட்டரை 5 வோல்ட் லைனில் வைத்துவிட்டு சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்ப வருகிறதோ, அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் ஒயரிங் எங்கே உரசியிருக்கிறது, எலி எங்கே கடித்திருக்கிறது என்று தேடுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியைத்தான் யாரும் தருவதில்லை.

கம்யூனிகேஷன் பிரச்சினையா? வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன் உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஷார்ட். யாரோ மாட்டிவிட்ட ஜிபிஎஸ் டிராக்கர், மலிவு மியூசிக் சிஸ்டம் அடாப்டர்கூட இந்த லைனைக் கெடுக்கும்.

சரி, இவ்வளவும் பார்த்து ஈசிஎம்தான் என்று உறுதியாகிவிட்டது. அப்போதும் அது ஏன் போனது என்று கேட்காமல் புதுசை மாட்டாதீர்கள். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆனால் ஈசிஎம்முக்குள் அதை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டர் எரியும். இன்ஜெக்டர் ஷார்ட் ஆனாலும் அதே கதி. பெட்ரோல் வண்டிகளில் வழக்கமான போர்ட் இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓம் வரை காட்டும். ஒன்று மட்டும் 3, 4 ஓம் காட்டினால் அதை வைத்துக்கொண்டு எத்தனை ஈசிஎம் மாட்டினாலும் எரியத்தான் செய்யும். ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டைத் தாண்டி ஏற்றினாலும் இதே கதைதான். சாலையோரத்தில் பிளஸ் மைனஸ் மாற்றி ஜம்ப் கொடுத்தது, பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் அடித்தது, பிரஷர் பைப்பால் இன்ஜினைக் கழுவியது, எல்லாம் காரணம்தான். காரணத்தை விட்டுவிட்டு மாட்டிய புது ஈசிஎம்மும் எரிந்தால் கிடைக்கும் பதில் தெரியும்தானே: "எலக்ட்ரிக்கல் ஐட்டம் சார், ரிட்டர்ன் கிடையாது."

ரிப்பேர் எப்போது நியாயம்? ஒரு காயிலின் டிரைவர், ஒரு இன்ஜெக்டரின் டிரைவர், 5 வோல்ட் ரெகுலேட்டர், கசிந்த கெப்பாசிட்டர், டிரை சோல்டர், லேசாகக் களிம்பேறிய பின். இவை போர்டு வேலை தெரிந்தவர் மாற்றக்கூடியவை. செலவும் புதுசை விடப் பல மடங்கு குறைவு. அதைவிட முக்கியம், வண்டியின் சாவி விவரம், சாவி பொருந்தாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசர், இன்ஜெக்டர் கோடு எண் எல்லாம் அதே பெட்டியில் அப்படியே இருக்கும். ஆனால் தண்ணீர் புகுந்து பல அடுக்கு போர்டின் உள்ளே அரித்திருந்தாலோ, புராசஸரே போயிருந்தாலோ, பீங்கான் தகட்டின்மேல் ஜெல் ஊற்றி மயிரிழை அலுமினியக் கம்பியால் இணைத்த வகையாக இருந்தாலோ ரிப்பேருக்குப் பணம் போடாதீர்கள். அந்தக் கம்பியைச் சாதாரண சோல்டரிங் அயர்ன் தொடவே முடியாது. "பண்ணிடலாம் சார்" என்கிறவர் ஜெல்லைச் சுரண்டி எடுத்து, இருக்கிற உயிரையும் போக்கிவிடுவார்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களை நினைத்தால் வயிறு எரிகிறது. காயவைத்து ஸ்டார்ட் ஆன ஈசிஎம் மாதங்கள் கழித்து உள்ளரிப்பில் சாகும். அதற்குள் வண்டி கை மாறியிருக்கும். வாங்குகிறவர் ஈசிஎம் கனெக்டரைக் கழற்றி பின்னில் பச்சையோ, உறையில் சேற்றுக் கோடோ இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் தரவே கூடாது.

சென்னையின் பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய ஈசிஎம் கிடைக்கும். ஆனால் "அதே மாடல்தான், மாட்டுங்க" என்பதை நம்பாதீர்கள். லேபிளில் உள்ள எண் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். பாஷ் ஈசிஎம்மில் 0 261 என்று தொடங்கினால் பெட்ரோல், 0 281 என்றால் டீசல். எண் பொருந்தினாலும் அதன் இம்மொபிலைசர் வேறு வண்டியின் சாவியைத்தான் தேடும். அதனால்தான் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகி இரண்டே வினாடியில் அணைகின்றன. உங்கள் பழைய ஈசிஎம்மின் ஃபிளாஷ், ஈப்ராம் என்ற இரண்டு மெமரிகளையும் படித்து மாற்று ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும். காமன் ரெயில் டீசலில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்த கோடு எண் அந்தந்த சிலிண்டருக்குச் சரியாகப் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் புகை, ஐட்லிங்கில் உதறல். இதைச் செய்யத் தெரியாதவர் "இம்மோ ஆஃப் பண்ணிடறேன்" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உங்கள் காரின் பூட்டை நீங்களே கழற்றிப் போடும் வேலை.

கம்பெனிகள் மீதும் கோபம் உண்டு. உதிரி பாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் அடைத்து வைத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடு, வழக்கு என்று அது இழுத்துக்கொண்டு போனது. தெருமுனை மெக்கானிக் இன்றைக்கும் ஒயரிங் டயாகிராமுக்கு வாட்ஸ்அப் குரூப்பில்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். ஊகித்துத் தீர்ப்பு சொல்லும் பழக்கம் வளர இதுவும் ஒரு காரணம். ஆனால் பல்பு மாட்டிப் பார்க்க எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்: "பழசை எக்ஸ்சேஞ்சில் குடுத்துடுங்க, ஆயிரம் குறைச்சுக்கறேன்" என்றால் கொடுக்காதீர்கள். இம்மொபிலைசர் தரவும் இன்ஜெக்டர் கோடும் அதற்குள்தான் இருக்கின்றன. மாற்று ஈசிஎம்மில் வண்டி சூடாகியும் குளிர்ந்தும் பல முறை ஸ்டார்ட் ஆகி ஓடிய பிறகும், படித்தெடுத்த பேக்கப் ஃபைல் உங்கள் பென் டிரைவுக்கு வந்த பிறகும்கூட, அந்தப் பெட்டி உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.