வெற்றுப் போத்தல்களை நான் ஏன் வைத்திருக்கிறேன்

கடந்த கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா முறையான ஒருவர், கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் நிற்கும் விஸ்கிப் போத்தல்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் வெற்றுப் போத்தல்கள் என்று தெரிந்ததும் அவருடைய முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, குடிச்சு முடிச்ச போத்திலை ஆரும் இப்பிடி அடுக்கி வைப்பினமே? பிள்ளையள் வளருற வீடெல்லே" என்றார். அதற்குள் தேநீர் வந்தது, கதை வேறு பக்கம் போய்விட்டது. அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. குடியால் சொந்தத் தம்பியை இழந்தவர் அவர். அவ்வளவு அக்கறையோடு கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் விட்டது மனதை அறுத்துக்கொண்டே இருப்பதால், அன்று சொல்ல வேண்டியிருந்ததை ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

போத்தல் எங்கள் வீடுகளுக்குப் புதிய பொருள் அன்று. அம்மம்மாவின் குசினியில் நல்லெண்ணெய் ஒரு சாராயப் போத்தலில்தான் நின்றது. மண்ணெண்ணெயும் அப்படித்தான்; அவசரத்தில் மாறிப்போகாதபடி அதன் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். 750 மில்லிலீற்றர் என்பதே இந்த நாட்டில் 'ஒரு போத்தல்' என்ற அளவாகிவிட்டது. தேங்காயெண்ணெயை இன்றைக்கும் போத்தல் கணக்கில் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தந்துவிட்டுப் போன உடைக்காத போத்தலை, குடிக்கும் பழக்கமே இல்லாத வீடுகளிலும் கூட, சோக்கேஸில் வருடக்கணக்காக வைத்திருப்பார்கள். நிறைந்த போத்தலை ஒருவரும் குறை சொல்வதில்லை. வெறுமையான பிறகுதான் அது மறைக்க வேண்டிய பொருளாகிவிடுகிறது. எனக்கு இது நேர்மாறாகத் தோன்றுகிறது. நிறைந்த போத்தலை விமான நிலையக் கடையில் காசுள்ள எவரும் வாங்கலாம். வெற்றுப் போத்தலுக்குத்தான் ஒரு நாளும், அந்த நாளில் சுற்றியிருந்த மனிதர்களும் உண்டு.

என்னுடைய முதற் போத்தல் 1996 ஆம் ஆண்டுக்குரியது. ஜொனி வோக்கர் ரெட் லேபல், ஒரு லீற்றர், டோகாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு நண்பனின் அண்ணர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வாங்கி வந்தது. அந்த வருடம் ஜனவரியில் மத்திய வங்கிக் கட்டடத்தில் குண்டு வெடித்த பிறகு, தமிழ் இளைஞர்கள் கொழும்பில் எப்படி நடமாடினார்கள் என்பதை அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப் பையில் இல்லாமல் காலி வீதியில் இறங்க முடியாது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் இருந்த லொட்ஜில், நாங்கள் ஆறு பேர் இரண்டு அறைகளில் இருந்தோம். ஆறு பேரும் வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏதோ ஒரு முகவரின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தோம். அழைப்பு வந்தவன் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ புறப்பட வேண்டும். ஊருக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வரவும் வழியில்லை. அப்படி ஓர் அழைப்பு வந்த இரவில்தான் போத்தல் உடைக்கப்படும். ஆறு பேருக்கு ஒரு லீற்றர், கடையில் வாங்கிய ரோல்ஸும் கடலையும், பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில் கதை. குடித்தது கொஞ்சம். விடியும்வரை கதைத்ததுதான் அதிகம்.

அந்த முதல் இரவில், போகிறவன் போத்தலைத் திருப்பி, பின்பக்க லேபலில் இருந்த சிறு வெற்றிடத்தில் தன் பெயரையும் திகதியையும் எழுதினான். மற்றவர்களும் ஓரங்களில் கையெழுத்து வைத்தோம். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. எங்களிடம் கமெரா இல்லை. இருந்திருந்தாலும், யார் யாரோடு நின்றார் என்று காட்டும் படத்தை எடுத்து வைக்க அப்போது எங்களுக்குத் துணிவு வந்திராது. வெற்றுப் போத்தலை எந்தச் சோதனையிலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டரை வருடத்தில் அப்படி ஐந்து போத்தல்கள் சேர்ந்தன. ஆறாவது ஆளான நான் போகவில்லை. என்னுடைய முகவர் பணத்தோடு மறைந்துவிட்டார். பிறகு இங்கேயே வேலை கிடைத்தது, திருமணம் நடந்தது. 2002 ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்க்கத் தொடங்கியபோது, வருகைக்கான போத்தல்களும் அந்த வரிசையில் வந்து நின்றன.

இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து லேபல்களை வாசிக்கப் பழகிவிட்டேன். ஜொனி வோக்கரின் சதுரப் போத்தல் 1860 ஆம் ஆண்டளவில் வந்தது. கப்பலில் அனுப்பும் பெட்டிக்குள் கூடுதலாக அடுக்கலாம், உடைவதும் குறைவு என்பதே காரணம். லேபலை 24 பாகை சரித்து ஒட்டியதால் எழுத்தைப் பெரிதாக அச்சிட இடம் கிடைத்தது. நடக்கும் மனிதனின் உருவத்தை டொம் பிரவுண் என்ற ஓவியர் 1908 இல் வரைந்தார். என் முதற் போத்தலின் லேபலில் கில்மார்னொக் என்ற ஊரின் பெயர் இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் உள்ள அந்த நகரத்தில் 1820 ஆம் ஆண்டு ஜோன் வோக்கர் தொடங்கிய பலசரக்குக் கடையிலிருந்துதான் இந்த வியாபாரம் முழுவதும் வளர்ந்தது. அங்கிருந்த போத்தலடைக்கும் ஆலை 2012 ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. அந்தச் செய்தியை வாசித்த அன்று அலுமாரியைத் திறந்து அந்த லேபலை மறுபடி வாசித்தேன். தொழில் போன பிறகும் ஊரின் பெயர் கடல் கடந்து வந்து என் வீட்டில் நிற்கிறது. முன்பின் பார்த்திராத அந்த ஊருக்காக அன்று மனம் கனத்தது.

மாமனார் தந்த வற் 69 விஸ்கிப் போத்தல் ஒன்றும் என்னிடம் உண்டு. வில்லியம் சாண்டர்சன் என்பவர் 1882 இல் ஏறத்தாழ நூறு கலவைகளைத் தயாரித்து, சுவைத்துப் பார்த்தவர்கள் தெரிந்தெடுத்த பீப்பாவின் இலக்கத்தையே பெயராக வைத்தாராம். மாமனாரின் லேபலில் மதுசாரத்தின் அளவு 70 புரூஃப் என்று இருக்கிறது. இன்றைய கணக்கில் அது 40 வீதம். பிரித்தானியாவில் 1980 ஆம் ஆண்டு வீதக் கணக்குக்கு மாறிவிட்டார்கள் என்பதால், மாமனாரின் போத்தல் அதற்கு முந்தியது என்று அந்த ஒரு வரியை வைத்தே அறியலாம். எழுபதுகளில், வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்த காலத்தில், கப்பலில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்து தந்தது என்று அவர் சொல்லிவந்தார். லேபலும் அதையே சொன்னபோது அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சேகரிப்பவர்களில் ஒரு சாராருடன் எனக்கு உடன்பாடு இல்லை. எத்தனை போத்தல் என்ற எண்ணிக்கையை அடுக்கிப் படம் எடுத்துப் போடுவது குடித்த அளவைப் பெருமையாகக் காட்டுவதுதான். பெயரும் திகதியும் இல்லாத போத்தலை நான் வைத்திருப்பதில்லை. எவ்வளவு விலை கூடியதென்றாலும் அது போத்தல்காரருக்கே போகும். அதுவும் லேபலைக் கிழித்து, மூடியை நசித்த பிறகுதான்.

மூடியை ஏன் நசிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். 2016 ஆம் ஆண்டு நண்பன் ஒருவனின் மகளின் திருமண வரவேற்பில், பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு நாங்கள் நால்வர் ஒரே மேசையில் இருந்தோம். வழக்கம்போல லேபலில் கையெழுத்து வைத்து, போத்தலை மேசையின் கீழே பத்திரப்படுத்திவிட்டு, மணமக்களை வாழ்த்தப் போய்த் திரும்பினால் போத்தலைக் காணவில்லை. மண்டபத்து ஊழியரைக் கேட்டபோது, வெற்றுப் போத்தல் எல்லாம் எண்ணிக் கணக்கில் போய்விட்டது, வெளிநாட்டுப் போத்தலுக்குத் தனி விலை என்றார். அதில் நான்கு பேரின் கையெழுத்து இருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. அந்தத் தனி விலையை யார், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பிறகுதான் யோசித்தேன். லேபலும் மூடியும் பெட்டியும் பழுதில்லாத போத்தலுக்குள் மலிந்த சாராயத்தை நிறமேற்றி ஊற்றுகிறவர்களுக்கு அது மூலப்பொருள். இது இங்கே மட்டும் நடப்பதும் அல்ல. அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய பிறகு, 1935 முதல் 1964 வரை, போத்தலை மறுபடி விற்பதும் பயன்படுத்துவதும் சட்டப்படி குற்றம் என்ற வாசகத்தைக் கண்ணாடியிலேயே வார்த்துவைக்க வேண்டியிருந்தது. 2018 இல் ஸ்கொட்லாந்தில், மிகப் பழைய அரிய விஸ்கி என்று நம்பப்பட்ட 55 போத்தல்களைக் கரிமக் காலக்கணிப்புச் செய்து பார்த்ததில் 21 போலி என்று தெரியவந்தது. ஆகவே நினைவுக்காக வைத்திருப்பவர்கள் அவற்றை முழுதாக எவருக்கும் விற்காதீர்கள், தானமாகவும் கொடுக்காதீர்கள்.

இனிப் பெரியப்பாவின் கேள்வி. குடி எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்திருக்கிறது என்பதை அறியாதவன் அல்லன் நான். 2006 ஆம் ஆண்டுச் சட்டம் மதுபான விளம்பரங்களைத் தடை செய்ததும், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்றதும் எனக்கு முழுச் சம்மதம். என் அலுமாரி அந்த விளம்பரங்களின் வேலையைச் செய்கிறதா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். என் பிள்ளைகள் அந்தப் போத்தல்களை விஸ்கியின் பெயரால் குறிப்பிட்டதே இல்லை. மூன்றாவது போத்தல் அவர்களுக்கு 'பாரிஸ் மாமா', அதற்கு அடுத்தது 'கனடா மாமா'. தூசி தட்டும்போது மகள், "கனடா மாமாவைக் கவனமாய்ப் பிடியுங்கோ அப்பா" என்பாள். வாழ்க்கையில் மூன்றே தடவை பார்த்த ஒருவரை அவர்கள் வீட்டு மனிதராக நினைப்பதற்கு அந்தத் தட்டும் ஒரு காரணம். ஆனால் குடியால் உடைந்த வீட்டில் இந்தப் பொருளுக்கு நினைவுச்சின்னம் என்ற பெயர் பொருந்தாது. பெரியப்பாவின் கண்ணில் அன்று பட்டது அவருடைய தம்பிதான் என்பதை நான் முன்னரே உணர்ந்திருக்க வேண்டும். இனி அவர் வருகிற நாளில் அந்தத் தட்டை மறைத்து வைப்பேன்.

இப்போது தட்டில் நிற்பவை ஏழு போத்தல்கள்தான். தொடர்மாடி வீட்டில் இடம் அவ்வளவுதான். வடிவமே கதை சொல்கிற இரண்டை விட மனம் வரவில்லை: தக்கை கழன்றுவிடாதபடி கம்பிவலை சுற்றிய, மூன்று பக்கமும் அமுங்கிய டிம்பிள், 152 வயதுவரை வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட தோமஸ் பாரின் பெயரைத் தாங்கி, அடியின் ஒரு மூலையில் சரிந்தும் நிற்கக்கூடிய ஓல்ட் பார். மற்ற ஐந்தில் நான்கு லொட்ஜ் காலத்துப் போத்தல்கள், ஒன்று மாமனாருடையது. பிற்காலத்தவற்றின் லேபல்களைப் பிரித்தெடுத்து அல்பத்தில் ஒட்டியிருக்கிறேன். பழைய லேபல்கள் நீரில் கரையும் பசையால் ஒட்டப்பட்டவை. இளஞ்சூட்டு நீரில் ஒரு மணித்தியாலம் கிடந்தால் தாமாகவே வழுகி வரும். இக்காலத்து ஒட்டுத்தாள் லேபல்களுக்குச் சூடு காட்ட வேண்டும். பின்பக்கத்தில் பிசுபிசுக்கும் பசைக்குத் தேங்காயெண்ணெய் போதும். ஈரத்தை ஒற்றுத்தாளில் வாங்கி, கனமான புத்தகத்தின் கீழ் இரண்டு நாள் வைக்க வேண்டும். வெள்ளவத்தையின் உப்புக்காற்றுக்குத் தகர மூடிகள் துருப்பிடிக்கும், வெயில் பட்டால் சிவப்பு மை முதலில் வெளிறும். எழுதுவதானால் குமிழ்முனைப் பேனாவால் எழுதுங்கள்.

இந்தக் கடைசி வரியை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஆறு பேரில் ஒருவன் எப்போதும் ஊற்றுப்பேனாவால் எழுதுபவன். ஆசிரியரான தகப்பனார் கொடுத்த பேனா. 1998 இல் அவன் புறப்பட்ட இரவிலும் லேபலில் அதனால்தான் எழுதினான். அவன் ரஷ்யா வழியாகப் போனான். போய்ச் சேர்ந்த செய்தி இன்றுவரை வரவில்லை. 2010 இல் அவனுடைய அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது, அந்தப் போத்தலைக் கையில் வாங்கி, அவனுடைய எழுத்தின் மேல் விரலை வைத்து நெடுநேரம் இருந்தார். அடுத்த வருடம் நாங்கள் வீடு மாறினோம். இடம் போதாதென்று லொட்ஜ் காலத்துப் போத்தல்களின் லேபல்களையும் எடுக்க நினைத்து, கையில் முதலில் அகப்பட்டதைத் தண்ணீரில் இட்டேன். அது அவனுடையது. திரும்பி வந்து பார்த்தபோது வாளித் தண்ணீரில் மெல்லிய நீல நூல் ஒன்று மிதந்து விரிந்துகொண்டிருந்தது. அள்ளி எடுத்தேன். மற்றவர்களின் கையெழுத்துகள் எல்லாம் அப்படியே இருந்தன, நடுவில் ஒரு நீலக் கறை. மற்ற நான்கு போத்தல்களையும் அதன் பிறகு நான் தொடவில்லை.

அக்காவுக்கு இதை இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் போட முன்னர் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதால் நேற்று இரவு தொலைபேசி எடுத்துச் சொன்னேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்தக் கறை இருக்குதோ தம்பி?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதை அப்படியே தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். தபாலில் விட மனமில்லை. வெள்ளிக்கிழமை இரவு யாழ்ப்பாண பஸ்ஸில் இடம் பதிந்திருக்கிறேன்.