தேத்தண்ணீர் வைக்க ஓர் இடம்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுத் தொடரில் கரண்ட் போனால் எல்லாரும் வாசல் கதவைத் திறந்து வைப்போம். காற்று வருகிறதோ இல்லையோ, எதிர்வீட்டுக் கதை வரும்.

எதிர்வீட்டு மனுசன் கணக்கெழுதிப் பென்சன் எடுத்தவர். மனுசி பழைய பட்டுநூல் பூவேலை செய்த மேசைத்துணிகள் சேர்க்கிறவர். எல்லாம் நூறு வருசம் தாண்டிய அமெரிக்கச் சாமான். டொரோண்டோவில் இருக்கும் தங்கச்சி பழைய சாமான் விற்கிற இடமெல்லாம் ஏறி இறங்கி, மலிவாகப் பொறுக்கி அனுப்புவார். பதிலுக்கு இங்கிருந்து வறுத்த மிளகாய்த்தூள் போகும்.

அந்த வீட்டில் நானும் ஒருமுறை பிளேன்டீ குடித்திருக்கிறேன், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு. அதனால் அன்று இருட்டில் மனுசன் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

மனுசன்: இஞ்சேரும், இந்தத் தேத்தண்ணீரை எங்கே வைப்பது?

மனுசி: மேசையில் வைக்காதேங்கோ. ஸ்ட்ரோபெரி விரித்திருக்கிறேன்.

மனுசன்: ஸ்டூலில்?

மனுசி: வயலட் பூ.

மனுசன்: ரேடியோவுக்கு மேலே?

மனுசி: ஹொலி இலை. நத்தாருக்கு எடுத்தது, இன்னும் சுருட்டி வைக்கவில்லை.

மனுசன்: நாங்கள் சைவம். எங்களுக்கு ஏன் நத்தார் இலை?

மனுசி: நத்தார் கேக் வந்தபோது சைவம் என்று சொன்னீர்களா?

மனுசன்: கேக்கை விடும். ஆறு அங்குலத்தில் வட்டமாக வெட்டி ஓரம் தைத்திருக்கிறார்கள். கோப்பைக்குக் கீழே வைக்கத்தானே அந்த அளவு?

மனுசி: அளவு அதற்குத்தான். ஆனால் சும்மா நாளில் கோப்பை வைத்திருந்தால் இவ்வளவு காலம் இருந்திருக்குமா? வீட்டுக்கு ஆள் வந்தால் விரிப்பார்கள், ஆள் போனதும் எடுத்து வைப்பார்கள். சேர்க்கிற ஆட்கள் இதற்கு 'சொசைட்டி சில்க்' என்றுதான் பெயர் சொல்லுவார்கள்.

மனுசன்: எங்கள் வீட்டுக்கு ஆளே வருவதில்லை.

மனுசி: அது ஏன் என்று நினைக்கிறீர்கள்?

மனுசன்: தேத்தண்ணீர் வைக்க இடமில்லை.

(கொஞ்ச நேரம் உறிஞ்சும் சத்தம் மட்டும். நின்றுகொண்டு குடிக்கிறார் போல.)

மனுசன்: சரி, ஒன்று கேட்கிறேன். இந்தப் பட்டு என்று சொல்லுகிறீரே, அது உண்மையில் என்ன சாமான்?

மனுசி: கலியாணம் முடித்து முப்பத்தெட்டு வருசம். இன்றைக்குத்தான் கேட்கிறீர்கள்.

மனுசன்: சும்மா, ஒரு அறிவுக்கு.

(அந்த 'அறிவுக்கு' எனக்கு இடித்தது. மனுசிக்கு இடிக்கவில்லை. தன் சேகரிப்பைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டுவிட்டால் உலகத்தில் எந்தச் சேகரிப்பாளருக்கும் காரணம் தேடத் தோன்றாது.)

மனுசி: முதலில் இருங்கோ. அந்தக் கதிரையில் இல்லை, மற்றதில். இது லண்டனில் தொடங்கியது. 1872இல் அங்கே ஒரு ஊசிவேலைப் பள்ளிக்கூடம் திறந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறது. ரோயல் ஸ்கூல் ஒஃப் நீடில்வேர்க்.

மனுசன்: தையலுக்கு ரோயலா?

மனுசி: நீங்கள் சீட்டு விளையாடப் போகிற இடத்துக்கு 'கிளப்' என்று பெயர் இல்லையா? கேளுங்கோ. அவர்கள் 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சிக்கு வேலைகளைக் கொண்டுபோனார்கள். அமெரிக்கப் பெண்கள் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருசமே நியூயோர்க்கில் கேண்டஸ் வீலர் என்ற அம்மா இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார். 1877. எங்கள் கொழும்பு மியூசியம் திறந்ததும் அதே வருசம்.

மனுசன்: அதுதான் இரண்டுக்குள்ளும் ஒன்றையும் தொட விடுகிறார்கள் இல்லை.

மனுசி: பெண்கள் பிடித்ததும் நூல் கம்பனிகள் விட்டுவைக்குமா? கனெக்டிகட்டில் பிரைனர்ட் அண்ட் ஆர்ம்ஸ்ட்ரோங். மாசசூசெற்ஸில் கோர்ட்டிசெல்லி, நூல் கட்டையோடு விளையாடும் பூனைக்குட்டிதான் அவர்களுடைய அடையாளம். லினன் துணியில் ரோசாப்பூவின் கோட்டை மட்டும் அச்சடித்து விற்பார்கள். எந்த இதழுக்கு எந்த எண் நூல் என்று புத்தகமும் போடுவார்கள். ஒரு இதழுக்கே நாலைந்து சாயல் வேண்டும்.

மனுசன்: துணி மலிவு, நூலில் லாபம். கெட்டிக்காரர். அப்படியென்றால் கம்பனி விற்றது வெறும் துணிதான்?

மனுசி: கோடு போட்ட வெறும் துணி.

மனுசன்: அதைக் கொஞ்சம் நினைவில் வைத்திரும். பட்டு எங்கேயிருந்து?

மனுசி: ஜப்பானில் இருந்து நிறைய. சீனாவில் இருந்தும், இத்தாலியில் இருந்தும். பிரைனர்ட் கம்பனி தன் நூலுக்கு 'ஏசியாட்டிக்' சாயம் என்றே பெயர் போட்டு விற்றது. கழுவினாலும் போகாதாம்.

மனுசன்: (அவசரமாக) கழுவினாலும் போகாதா?

மனுசி: விளம்பரத்தில்.

மனுசன்: ஓ.

(இந்த 'ஓ' நீளமாக இருந்தது. நான் விசிறியைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படிக்குக் கிட்டப் போனேன்.)

மனுசி: சாயம் போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். வெளிச்சம் படாத பக்கத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். முன்பக்கம் வெளிறிய ரோசா, பின்பக்கம் மாதுளம்பூ.

மனுசன்: அதற்காகப் போன மாதம் கலியாண வீட்டில் மேசைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேணுமா? மேலே பாயாசம் இருந்தது.

மனுசி: அது பொலியெஸ்டர். தொட்டதும் தெரிந்துவிட்டது.

மனுசன்: மாப்பிள்ளையின் தகப்பனுக்குத் தெரியவில்லை. நீர் அவருடைய காலை எட்டிப் பார்த்தீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது கிடக்கட்டும். பட்டோ இல்லையோ என்று எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது?

மனுசி: அறுந்து தொங்கும் நூல் இருந்தால் நுனியை எரித்துப் பாருங்கோ. பட்டென்றால் தலைமயிர் கருகிய மணம் வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தியோ ரேயோனோ என்றால் கடதாசி எரிந்த மணம்.

மனுசன்: ஏன் தலைமயிர் மணம்?

மனுசி: இரண்டும் புரதம். பட்டுப்பூச்சியும் நாங்களும் அதில் ஒன்று.

மனுசன்: (மெதுவாக) புரதம்.

மனுசி: அதுதான் கம்பளம் தின்னும் வண்டு இதற்கும் வருகிறது. லினனில் கஞ்சி போட்டால் அதைத் தின்ன வேறு பூச்சி. மடித்து வைத்தால் மடிப்பில் பட்டு வெடிக்கும், அதனால் சுருட்டித்தான் வைக்க வேணும். அலுமாரிப் பலகையில் நேராகப் படவும் கூடாது, மரத்தின் அமிலம் துணியை மஞ்சளாக்கிவிடும். நன்றாகத் தோய்த்துப் பழசான வெள்ளைப் பருத்தித் துணியால் சுற்ற வேணும்.

மனுசன்: அப்படிப்பட்ட துணி எங்கே கிடைத்தது?

மனுசி: வீட்டில் இருந்தது.

மனுசன்: என் வேட்டிகள்!

மனுசி: மூன்றுதான்.

மனுசன்: கோயிலுக்குக் கட்ட வேட்டி இல்லாமல் நான் காற்சட்டையோடு போய் நிற்கிறேன். அங்கே அமெரிக்கக்காரியின் பான்சிப் பூ என் நாலுமுழத்துக்குள் படுத்திருக்கிறது.

மனுசி: கொழும்புப் புழுக்கம் அப்படி. கடற்காற்று, உப்பு, ஈரம். யன்னலைத் திறந்தால் வெயில், சாத்தினால் பூஞ்சணம். கனடாவில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை.

மனுசன்: சரி, சரி. இப்போது ஒரு பேச்சுக்கு, ஒரு பேச்சுக்குத்தான், ஒன்பது அங்குலத் துணி ஒன்றில் கறை வந்துவிட்டது என்று வையும்.

மனுசி: என்ன கறை?

மனுசன்: வட்டமான கறை.

மனுசி: எவ்வளவு வட்டம்?

மனுசன்: கோப்பையளவு என்று வையுமேன். எப்படிக் கழுவுவது?

மனுசி: முதலில் ஈரப் பஞ்சால் ஒவ்வொரு நிறமாக ஒற்றிப் பார்க்க வேணும், சாயம் ஒட்டுகிறதா என்று. ஒட்டாவிட்டால், மென்மையான சவர்க்காரம், ஆறின தண்ணீர். கசக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. துவாயில் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தால் அயன் பண்ண வேணும், அப்போதுதான் பூ நசியாது.

மனுசன்: ஊறவைத்தால்?

மனுசி: எதில்?

மனுசன்: குளியலறை மூலையில் ஒரு வெள்ளைப் போத்தல் இருக்கிறதே.

மனுசி: குளோரின் போத்தலா? கடவுளே. குழாயில் அடைத்த தலைமயிரைக் கரைக்க ஊற்றுகிற சாமான் அது.

(இங்கே இரண்டு பேரும் பேசவில்லை. கீழே காலி வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போய் முடிந்தது.)

மனுசன்: அப்போ தலைமயிரும் பட்டும் ஒன்று என்று நீர் சொன்னது...

மனுசி: கரைந்துவிடும்.

மனுசன்: முழுதாகவா?

மனுசி: விடியும்வரை கிடந்தால் பூவே இருக்காது. ஏன் கேட்கிறீர்கள்?

மனுசன்: லினனுக்கு ஒன்றும் ஆகாதே?

மனுசி: அது செடி நார், ஒரு தரம் தாங்கும். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டேன்.

மனுசன்: அப்படியென்றால் துணி மிச்சம். அதை நினைத்து ஆறுதல் படுவோம்.

மனுசி: எந்தத் துணி?

மனுசன்: முதலில் கறை போய்விட்டது என்பதை நீர் கவனிக்க வேணும்.

மனுசி: என் ரோசா!

மனுசன்: போன கிழமை இதேபோலக் கரண்ட் போன இரவு. இருட்டில் கைக்குத் தட்டுப்பட்ட இடத்தில் கோப்பையை வைத்துவிட்டேன். நீர் எழும்புவதற்குள் வெளுத்து வைப்போம் என்று வாளியில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் துணி பால் மாதிரி. பூவைக் காணவில்லை. வாளிக்குள் கைவிட்டுத் தேடினேன்.

மனுசி: தேடினீர்களா!

மனுசன்: கழன்று அடியில் கிடக்கும் என்று நினைத்தேன்.

மனுசி: இப்போது எங்கே?

மனுசன்: வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டேன். இந்நேரம் கடலுக்குப் போயிருக்கும்.

(எங்கோ புழு கட்டிய கூடு நூலாகிக் கனெக்டிகட் போய்ப் பூவாகி, டொரோண்டோவில் மிளகாய்த்தூளுக்கு மாறி, கடைசியில் வெள்ளவத்தையில் வாளியோடு முடிந்த கதை. சிரிக்கக் கூடாதென்று சால்வையைக் கடித்துக்கொண்டேன்.)

மனுசி: துணியைக் கொண்டுவாங்கோ.

மனுசன்: பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது.

மனுசி: மடித்தா வைத்தீர்கள்?

மனுசன்: வெடிக்கப் பட்டு இல்லையே.

(டோர்ச் வெளிச்சம் அசைந்தது. பஞ்சாங்கம் விழுந்தது.)

மனுசி: ஓரமும் பிசிர் கிளம்பியிருக்கிறது.

மனுசன்: ஓரத்தையும் பட்டாலேயே தைத்திருக்கிறாள் போல. பருத்தியால் தைத்திருக்கலாம். என்றாலும் பாரும், கம்பனி விற்றது வெறும் துணிதான் என்று நீர்தானே சொன்னீர்? நான் அதைக் கம்பனியில் இருந்து வந்த கோலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பழசு சேர்க்கிறவர்களுக்கு அது இன்னும் விசேஷம் இல்லையா?

மனுசி: கம்பனித் துணியில் கோடு இருந்தது.

மனுசன்: கோடும் வெளுத்துவிட்டது. அந்தச் சாமான் நல்ல சாமான்தான்.

மனுசி: டோர்ச்சைப் பின்னால் பிடியுங்கோ. இன்னும் கிட்ட. அசைக்காதேங்கோ.

(திறந்த கதவால் எனக்கும் தெரிந்தது. துணிக்குப் பின்னால் வெளிச்சம் பட்டதும் ஊசி ஏறி இறங்கிய துளைகள் புள்ளி புள்ளியாக எழும்பின. ஒரு இதழ், அதற்குமேல் இன்னொன்று, கீழே வளைந்த காம்பு, முள் இரண்டு. நூல் மட்டும்தான் இல்லை. அவள் குத்திய ஒவ்வொரு இடமும் இருந்தது. கொஞ்ச நேரம் நானும் சிரிப்பை மறந்து பார்த்தேன்.)

மனுசன்: அட, பூ இருக்கிறது!

மனுசி: தெரிகிறதா?

மனுசன்: தெரிகிறது.

மனுசி: நல்லது. ஒரு துளையும் தவறாமல் நீங்களே திரும்பத் தைக்கிறீர்கள்.

மனுசன்: நானா? எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது.

மனுசி: நீட்டு ஒன்று, கட்டை ஒன்று, நீட்டு ஒன்று, கட்டை ஒன்று. நாற்பது வருசம் கணக்கெழுதின கைக்கு அது பெரிய வேலையா?

மனுசன்: பட்டு நூலுக்கு எங்கே போவது? வேணுமென்றால் உமது கூறைச்சேலையில் ஒரு இழை...

மனுசி: இழுங்கோ பார்ப்பம்.

மனுசன்: சும்மா சொன்னேன்.

மனுசி: பழைய நூல் நான் தரமாட்டேன். நாளைக்குப் புறக்கோட்டைக்குப் போய்ப் பருத்தி நூல் வாங்கிக்கொண்டு வாங்கோ, ரோசா நிறத்தில் ஐந்து சாயல். ஒரே சாயலில் ஐந்து கட்டை வாங்கிவந்தால் திரும்பவும் போவீர்கள்.

(அப்போதுதான் கரண்ட் வந்தது. நான் கதவைச் சாத்துவதுபோலக் கொஞ்சம் சாத்தினேன். மேசை, ஸ்டூல், ரேடியோ எல்லாவற்றிலும் பூ. நடுவில் மனுசன், ஒரு கையில் டோர்ச், மறுகையில் அந்த ஆறிப்போன கோப்பை.)

மனுசன்: இஞ்சேரும்.

மனுசி: என்ன?

மனுசன்: இந்தத் துணியில் இப்போது பூ ஒன்றும் இல்லைத்தானே?

மனுசி: இல்லை.

மனுசன்: அப்போ தேத்தண்ணீரை இதில் வைக்கலாமா?

(கதவு பிய்த்துக்கொண்டு போகப்போகிறது என்று நான் காதைப் பொத்தினேன். மனுசி ஒரு கதிரையை இழுத்துப்போட்டுத் துணியை அதில் விரித்தார்.)

மனுசி: நடுவில் வையுங்கோ. ஓரத்தில் இருந்துதானே தைக்கத் தொடங்கப் போகிறீர்கள்.