பாராட்டும் ஒரு முக்காலியும்

ஜவுளிக்கடையில் தளப் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் போனஸ் கவரையும் இனிப்புப் பெட்டியையும் கையில் கொடுத்துவிட்டு, ஊழியர்களைக் கௌரவித்துவிட்டோம் என்று நிறைவடையும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. ஆனால் கணக்கில் கொள்ளும் ஊதியத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டமே வகுத்த தொகை. சேர வேண்டியதைக் கொடுக்கும்போது வள்ளலைப் போல் நின்று படம் எடுத்துக்கொண்டதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

என் கண்ணைத் திறந்தது புடவைப் பிரிவில் இருந்த ஓர் அக்கா. ஒரு நாளைக்கு நூறு புடவைகளை விரித்துக் காட்டி, விற்காதவற்றை மீண்டும் மடித்து அடுக்குகிறவருக்கு, எந்தச் சரக்கு நகரும், எது தேங்கும் என்பது கொள்முதல் செய்பவரைவிட நன்றாகத் தெரியும். நடுத்தர வயதுப் பெண்கள் கஞ்சி மொடமொடப்பு இல்லாத பருத்திப் புடவையையே கேட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று அவர் என்னிடம் சொன்னார். நான் அதை முதலாளியிடம், "கவனித்துப் பார்த்தேன், அண்ணாச்சி" என்று சொன்னேன். சரக்கு வந்தது, விற்றது, பாராட்டு எனக்குக் கிடைத்தது. அந்த அக்கா சண்டை எதுவும் போடவில்லை. அதன் பிறகு என்னிடம் எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கேட்டால், "எனக்கு என்ன சார் தெரியும்" என்பார். ஒரு மேலாளருக்குக் கிடைக்கக்கூடிய கடுமையான தண்டனை அதுதான் என்பது எனக்குப் புரியவே ஓராண்டு பிடித்தது.

"எல்லாரும் நல்லா பண்றீங்க" என்று காலையில் பொதுவாகச் சொல்லும் வார்த்தை யாரையும் சென்று சேர்வதில்லை. மாதம் ஒருவர் படத்தைச் சுவரில் மாட்டுவதும் அப்படித்தான். முறை வைத்து மாட்டுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இன்ன வேலையை இன்னார் செய்தார், அதனால் இது நடந்தது என்று, அவர் இல்லாத இடத்திலும், குறிப்பாக முதலாளியின் முன்னிலையில், பெயர் சொல்லிக் கூற மேலாளருக்கு மனம் வர வேண்டும். அதற்கு அவர் வேலையை அருகில் நின்று பார்த்திருக்கவும் வேண்டும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டம் திருத்தின. எங்கள் தளத்திலும் முக்காலிகள் வந்தன, யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேலை இல்லாதவர் என்று நான் நினைத்துவிடுவேனோ என்ற அச்சம். வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில் நானே போய், "உட்காருங்க அக்கா" என்று சில நாட்கள் சொன்ன பிறகுதான் அது மாறியது. பருத்திப் புடவை யோசனை யாருடையது என்பதையும் முதலாளியிடம் அந்த அக்கா முன்பாகவே தாமதமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. இரண்டு நாள் கழித்து வந்து, "சார், முக்காலி ரொம்பத் தாழ்வா இருக்கு, உட்கார்ந்தா மேசைக்கு அந்தப் பக்கம் யார் வர்றாங்கன்னே தெரியல" என்றார். உயரமானவற்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.