வைட்டமின் ஈ மாத்திரை ரத்தக்குழாய் அடைப்பைத் தடுக்குமா?

"சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் பயமில்லை, தினமும் ஒரு வைட்டமின் ஈ மாத்திரை போட்டால் ரத்தக்குழாயில் அடைப்பே வராது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். இதில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் ஆபத்து.

ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒரே அடுக்காகப் பரவியிருக்கும் செல்களால், ரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போது உள்ளே வருவதைக் குறைத்துக்கொள்ள முடியாது. வந்ததையெல்லாம் எரிக்கப்போய் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர்ஆக்சைடு என்ற, எதையும் எளிதில் தாக்கும் ஆக்சிஜன் வடிவம் அளவுக்கு மீறி உருவாகி, குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் கெடுத்துவிடுகிறது. அப்புறம் சுவருக்குள் புகுந்த எல்டிஎல் என்ற 'கெட்ட' கொழுப்பும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதாவது ஆக்சிஜனால் தாக்கப்பட்டுக் கெட்டுப்போகிறது. அதை அப்புறப்படுத்த வரும் வெள்ளையணுக்கள் விழுங்கி விழுங்கி, நுண்ணோக்கியில் பார்த்தால் சோப்பு நுரை மாதிரி தெரியும் அளவுக்குக் கொழுப்புத் துளிகளால் உப்பிப்போய் அங்கேயே தங்கிவிடும். அடைப்புக்கு வித்து விழுவது இங்கேதான்.

சரி, அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ மாத்திரை உதவ வேண்டுமே? மருத்துவ உலகமும் அப்படித்தான் எதிர்பார்த்தது. 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில், இதயநோய் அபாயம் அதிகமுள்ள 9,500-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, சராசரியாக நாலரை வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2002-இல் 20,000-க்கும் மேற்பட்டோரிடம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துச் சோதித்த ஆய்விலும் அதே கதைதான்.

இந்தச் செய்தியை நம்பி யாராவது சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.